வைரஸ் இறங்கும்போது மூச்சுத்திணறல் ஏறுவது ஏன்?

கொரோனா தொற்றியவரின் மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் உச்சத்தில் இருப்பது, காய்ச்சல் தொடங்கும் நாளையொட்டித்தான். அதன்பின் அது இறங்குமுகம். ஆனால் ஆபத்தான மூச்சுத்திணறல் பெரும்பாலும் ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில் வருகிறது. வைரஸ் குறையக் குறைய நோய் முற்றுகிறது என்றால் நுரையீரலைக் கெடுப்பது யார்?

இதற்கு விடை தெரிந்தால் பலரையும் குழப்பிய இன்னொரு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். வீட்டில் ‘எதிர்ப்பு சக்தி கூடட்டும்’ என்று கஷாயம் காய்ச்சினார்கள். மருத்துவமனையில் எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டை ஊசி வழியே ஏற்றினார்கள். ஒரே நோய்க்கு இரண்டும் எப்படிச் சரியாகும்?

எதிர்ப்பு சக்தி என்பதை ஏற்றி இறக்கக்கூடிய ஒற்றை அளவாக நினைப்பதில்தான் சிக்கல். அது பல வகைச் செல்கள் முறைவைத்துச் செய்யும் வேலை. எந்தச் செல் எந்த நாளில் எங்கே வந்தது, வேலை முடிந்ததும் நிறுத்திக்கொண்டதா என்பதை வைத்தே ஒருவருக்குச் சளியோடு போகிறதா, வென்டிலேட்டர் வரை போகிறதா என்பது முடிவாகிறது.

பாதிப்பு நடக்கும் இடம்

மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து முடியும் இடத்தில் காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. வளர்ந்த ஒருவரின் இரண்டு நுரையீரல்களிலும் சேர்த்து ஏறத்தாழ 48 கோடி. நுண்ணறையின் சுவரும் அதை ஒட்டி ஓடும் தந்துகி என்ற மிக நுண்ணிய ரத்தக் குழாயின் சுவரும் சேர்ந்தே, மெல்லிய இடங்களில், ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன்தான். அந்த இடைவெளியைத் தாண்டித்தான் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போகிறது.

இந்தச் சுவரில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. தட்டையான முதல் வகை, பரப்பில் சுமார் 95 சதவீதத்தை மூடியிருக்கிறது. இரண்டாம் வகை, சர்ஃபாக்டன்ட் என்ற பொருளைச் சுரந்து நுண்ணறை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. முதல் வகைச் செல் செத்தால் அந்த இடத்தை நிரப்புவதும் இந்த இரண்டாம் வகைதான். கொரோனா வைரஸ் நுழைவதற்கான ஏசிஇ2 ஏற்பி இருப்பதும் இதில்தான். ஆகவே ஒரே அடியில் சுரப்பும் கெடுகிறது, பழுதுபார்க்கும் வேலையும் நிற்கிறது.

அழற்சியால் தந்துகிச் சுவர் கசிந்தால் நீரும் புரதமும் நுண்ணறைக்குள் இறங்குகின்றன. ஆக்சிஜன் தடைப்படுகிறது. கார்பன் டைஆக்சைடு சுமார் 20 மடங்கு எளிதாக ஊடுருவும் வாயு என்பதால் அது வெளியேறிக்கொண்டே இருக்கும். மூச்சு முட்டும் உணர்வைப் பெரிதும் தூண்டுவது கார்பன் டைஆக்சைடு சேருவதுதான். அது சேராததால் ஆக்சிஜன் 85 சதவீதத்துக்கு இறங்கிய நோயாளிகூட ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று போனில் பேசிக்கொண்டிருக்கிறார்.

முதல் இரண்டு நாட்கள்: இன்டர்ஃபெரான்

வைரஸ் உள்ளே நுழைந்த செல்லே முதலில் அபாய மணி அடிக்கிறது. வைரஸின் ஆர்என்ஏவை அடையாளம் காணும் உணரிகள் செல்லுக்குள் இருக்கின்றன. டிஎல்ஆர்7, எம்டிஏ5 போன்றவை. அவை தூண்டப்பட்டதும் இன்டர்ஃபெரான் என்ற புரதம் வெளியாகிறது. லண்டனில் அலிக் ஐசக்ஸும் ழான் லிண்டன்மனும் 1957-இல் கண்டுபிடித்தது இது. அக்கம்பக்கச் செல்களில் நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்கி, வைரஸ் பெருக முடியாத நிலைக்கு அவற்றைக் கொண்டுபோகிறது. இந்த வேலை மூக்கிலும் தொண்டையிலும் சரியான நேரத்தில் நடந்துவிட்டால் நோய் பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும்.

இது பிசகும் வழிகள் நான்கு.

1. வைரஸே தடுக்கிறது. கொரோனா வைரஸின் என்எஸ்பி1 புரதம், செல்லின் புரத உற்பத்தியை முடக்கி இன்டர்ஃபெரான் உருவாகாமல் பார்த்துக்கொள்கிறது. இன்ஃபுளுவென்சாவில் இதே வேலையை என்எஸ்1 புரதம் செய்கிறது.

2. பிறவிக் குறைபாடு. டிஎல்ஆர்7 மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு ஒரே எக்ஸ் என்பதால் அதில் பழுது இருந்தால் மாற்று கிடையாது. நெதர்லாந்தில் 2020-இல் இரண்டு குடும்பங்களில் இளம் சகோதரர்கள் ஜோடியாகக் கவலைக்கிடமானபோது, இந்த மரபணுப் பழுதுதான் காரணம் என்று தெரியவந்தது.

3. இன்டர்ஃபெரானையே தாக்கும் ஆன்டிபாடி. ழான்-லோரான் காசனோவா குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போன 987 கொரோனா நோயாளிகளில் 101 பேரிடம் இது இருந்தது. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். லேசான தொற்றோ அறிகுறியில்லாத தொற்றோ இருந்த 663 பேரில் ஒருவரிடம்கூட இல்லை. இந்த ஆன்டிபாடி தொற்றுக்குப் பிறகு வந்ததல்ல, முன்பே உடலில் இருந்தது. எழுபது வயதுக்கு மேல் இது அதிகமாகக் காணப்படுகிறது. முதியவர்களை, குறிப்பாக ஆண்களை, கொரோனா அதிகம் கொன்றதற்கு உருப்படியான காரணங்களில் இது ஒன்று.

4. உணரிகளின் ஆயத்தம். குழந்தைகளின் மூக்குச் செல்களில் எம்டிஏ5 போன்ற உணரிகள் தொற்றுக்கு முன்பே கூடுதல் அளவில் தயாராக இருக்கின்றன. பெரியவர்களின் மூக்கில் அந்த ஆயத்தம் குறைவு.

தாமதமான இன்டர்ஃபெரான் தரும் கேடு

இன்டர்ஃபெரான் நல்லது என்றால் ஊசியாகப் போட்டுவிடலாமே என்று தோன்றும். போட்டுப் பார்த்தார்கள்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி பெர்ல்மன் குழு, கொரோனா குடும்பத்தைச் சேர்ந்த மெர்ஸ் வைரஸை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தது. வைரஸ் உச்சம் தொடுவதற்கு முன் இன்டர்ஃபெரான் கிடைத்த எலிகள் தப்பின. தாமதமாகக் கிடைத்த எலிகளில் வைரஸ் சரியாகக் கட்டுப்படவில்லை. மாறாக, மோனோசைட், நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் நுரையீரலுக்குள் திரண்டன; சாதாரணமாகப் பிழைத்திருக்க வேண்டிய தொற்றிலேயே எலிகள் இறந்தன. மருந்து ஒன்றுதான், கொடுத்த நேரம்தான் வேறு.

மனிதர்களிலும் இதை ஒத்த போக்கே தெரிந்தது. மருத்துவமனையில் சேர்ந்த பிறகு இன்டர்ஃபெரான் பீட்டா கொடுத்துப் பார்த்த உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி ஆய்வில் இறப்பு குறையவில்லை. அமெரிக்காவில் நடந்த இன்னோர் ஆய்வில், அதிவேக ஆக்சிஜன் தேவைப்பட்ட நிலையில் அதைப் பெற்றவர்களுக்கு நிலைமை மோசமானது; அப்படிப்பட்டவர்களைச் சேர்ப்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று. பிரேசிலிலும் கனடாவிலும் நடந்த டுகெதர் ஆய்வு வேறு வழியில் போனது. அறிகுறி தொடங்கி ஏழு நாட்களுக்குள், மருத்துவமனைக்குப் போகும் நிலைக்கு முன்பே, இன்டர்ஃபெரான் லாம்டா ஒரே ஒரு ஊசி. மருத்துவமனையில் சேரவோ அவசரப் பிரிவில் நெடுநேரம் கண்காணிக்கப்படவோ நேர்ந்தவர்கள் ஊசி பெற்றோரில் 2.7 சதவீதம், பெறாதோரில் 5.6 சதவீதம். லாம்டா, பீட்டா இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். லாம்டாவின் ஏற்பி முக்கியமாகச் சுவாசப்பாதை, குடல் போன்ற மேற்புறச் செல்களில் இருப்பதால் உடல் முழுக்க அழற்சியைக் கிளப்புவது குறைவு.

இரண்டாம் வாரம்: நியூட்ரோஃபிலும் மேக்ரோஃபேஜும்

முதல் தடுப்பு தோற்றுவிட்டால் வைரஸ் கீழே இறங்கி நுண்ணறைகளை எட்டுகிறது. சாகும் செல்களின் சிதைவுகள் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களை இழுக்கின்றன. முன்னணியில் வருவது நியூட்ரோஃபில். ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் பாதிக்கு மேல் இவைதான், ஆயுளும் குறைவு. பாக்டீரியாவை விழுங்கிக் கொல்வதில் கெட்டிக்காரச் செல், ஆனால் செல்லுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸை ஒழிக்க இதனால் பெரிதாக ஆவதில்லை. கூட்டமாக வந்து எலாஸ்டேஸ் போன்ற நொதிகளைக் கொட்டி நுண்ணறைச் சுவரையே அரிக்கிறது. சில நியூட்ரோஃபில்கள் தம் டிஎன்ஏவையே வலையாக விரித்துச் சாகின்றன. அந்த வலையில் தட்டணுக்கள் ஒட்ட, நுரையீரலின் சிறு நாளங்களில் ரத்தம் உறைகிறது. ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமர் பரிசோதனையை மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எழுதியதும், உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டதும் இதனால்தான்.

அடுத்து மோனோசைட். நுண்ணறைகளில் நிரந்தரமாகக் குடியிருந்து குப்பை அள்ளும் மேக்ரோஃபேஜ்கள் தொற்றில் அழிந்துபோக, ரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள் வந்து அந்த இடத்தைப் பிடிக்கின்றன. பழைய குடிகள் அமைதியானவை. புதிதாக வருபவை ஐஎல்-6, டிஎன்எஃப் போன்ற சைட்டோகைன்களை, அதாவது அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைப் புரதங்களை, அதிகமாகச் சுரப்பவை. ஐஎல்-6 கல்லீரலை எட்டும்போது அங்கே சிஆர்பி என்ற புரதம் உற்பத்தியாகிறது. ஆக, சிஆர்பி என்பது நுரையீரலில் நடப்பதைக் கல்லீரல் வழியாகத் தெரிந்துகொள்ளும் அளவு.

‘சைட்டோகைன் புயல்’ என்ற பெயர் செய்திகளில் நன்றாகவே ஓடியது. ஆனால் எண்கள் அந்தப் பெயரோடு அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தீவிர கொரோனா நோயாளிகளின் ரத்தத்தில் ஐஎல்-6 சராசரி ஒரு மில்லிலிட்டருக்கு 37 பிகோகிராம் அளவில் இருந்தது. தொற்று முற்றி உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் செப்சிஸில் இது ஆயிரத்தை நெருங்குகிறது. புற்றுநோய்க்கான கார்-டி சிகிச்சையில் வரும் உண்மையான சைட்டோகைன் புயலில் மூவாயிரத்தைத் தாண்டுகிறது. கொரோனாவின் சேதம் நுரையீரலுக்குள், சிறு நாளங்களின் சுவரில் குவிந்தது. ரத்தப் பரிசோதனையில் அதன் ஒரு பகுதிதான் தெரிந்தது. ஐஎல்-6 ஓரளவே கூடியிருக்கிறது என்பதை வைத்து நோய் லேசானது என்று முடிவுகட்டக் கூடாது.

டி செல்: சிபிசி தாளில் தெரியும் செய்தி

தொற்றிய செல்லைத் தேடிப்பிடித்துக் கொல்வது சிடி8 டி செல். அதற்கும், ஆன்டிபாடி சுரக்கும் பி செல்லுக்கும் உதவுவது சிடி4 டி செல். முதல் முறை சந்திக்கும் வைரஸ் என்றால் இவை பெருகி நுரையீரலை அடைய ஒரு வாரம் போல ஆகும். தடுப்பூசியாலோ முந்தைய தொற்றாலோ நினைவுச் செல்கள் இருந்தால் அந்தக் காத்திருப்பு பல நாட்கள் குறைகிறது. தடுப்பூசி போட்டவருக்கும் தொற்று வந்ததே என்று கேட்டவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது. மூக்கில் தொற்றை முழுக்கத் தடுக்க முடியாமல் போகலாம், ஆனால் நியூட்ரோஃபில் கூட்டம் சேர்வதற்கு முன் டி செல் வந்துவிடும்.

இந்த நினைவு எளிதில் அழிவதில்லை. கொரோனா குடும்பத்தின் இன்னொரு வைரஸால் 2003-இல் சார்ஸ் நோய் வந்து பிழைத்தவர்களிடம் 17 ஆண்டுகள் கழித்தும் அந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் இருந்ததைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2020-இல் காட்டினார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. பிறவியிலேயே பி செல் இல்லாத, ஆன்டிபாடியே சுரக்க முடியாத சிலர் இத்தாலியில் கொரோனாவிலிருந்து பிழைத்தார்கள். தீவிர நோயாளிகளில் ஆன்டிபாடி அளவு பெரும்பாலும் அதிகமாகவே இருந்தது. பரிசோதனைக் கூடத்தில் ‘ஆன்டிபாடி எவ்வளவு’ என்று பார்த்துத் தன் பாதுகாப்பைக் கணக்கிட்டவர்கள் பாதிக் கணக்கைத்தான் பார்த்தார்கள்.

டி செல்லும் பி செல்லும் லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணு வகையைச் சேர்ந்தவை. தீவிர நோயில் ரத்தத்திலுள்ள லிம்ஃபோசைட் எண்ணிக்கை விழுகிறது. இதை ரத்த அணுக்களை எண்ணும் சாதாரண சிபிசி பரிசோதனைத் தாளிலேயே கணக்கிடலாம். மொத்த வெள்ளை அணுக்கள் 6,200 என்று வைத்துக்கொள்வோம். நியூட்ரோஃபில் 84 சதவீதம், லிம்ஃபோசைட் 11 சதவீதம். மொத்த எண்ணிக்கை இயல்பாக இருப்பதால் ‘ரிப்போர்ட் நார்மல்’ என்று தோன்றும். ஆனால் லிம்ஃபோசைட் 6,200-இல் 11 சதவீதம், அதாவது 682. வளர்ந்தவர்களுக்கு இது 1,000-க்குக் குறையக் கூடாது. நியூட்ரோஃபில் 5,208. இரண்டையும் வகுத்தால் 7.6. நலமாக இருப்பவர்களுக்கு இந்த விகிதம் பொதுவாக 1 முதல் 3 வரை. நார்மல் என்று தோன்றிய தாளில் இரண்டு எச்சரிக்கைகள் இருந்திருக்கின்றன.

ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு இந்தக் கணக்கு செல்லாது. ஸ்டீராய்டே நியூட்ரோஃபிலை ஏற்றி லிம்ஃபோசைட்டை இறக்கும்.

தவறாகப் பழக்கப்பட்ட நினைவு: 1966

நினைவுச் செல் இருந்தாலே போதாது, சரியான வகையாக இருக்க வேண்டும். இதற்கு மருத்துவ வரலாற்றில் கசப்பான சான்று உண்டு. குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸை ஃபார்மலினால் செயலிழக்கச் செய்து, 1966-இல் அமெரிக்காவில் கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசியாகப் போட்டார்கள். ஓர் ஆய்வில் தடுப்பூசி பெற்ற குழந்தைகளில் 20 பேருக்குப் பின்னர் இயல்பான தொற்று வந்தது. அவர்களில் 16 பேரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. இரண்டு குழந்தைகள் இறந்தன. ஒப்பீட்டுக் குழுவில் தொற்று வந்தவர்களில் மருத்துவமனைக்குப் போனது 5 சதவீதம்தான்.

செயலிழக்கச் செய்தபோது வைரஸின் எஃப் புரதம் தன் அசல் வடிவத்தை இழந்திருந்தது. அதற்கு எதிராக உருவான ஆன்டிபாடி வைரஸோடு ஒட்டியது, ஆனால் அதைச் செயலிழக்கச் செய்யவில்லை. அந்த ஒட்டுக் கொத்துகள் நுரையீரலில் படிந்தன. டி செல்களும் வைரஸைக் கொல்லும் பக்கம் போகாமல், ஒவ்வாமையை ஒத்த அழற்சிப் பக்கம் சாய்ந்தன. எஃப் புரதத்தின் அசல் வடிவத்தை 2013-இல் கண்டறிந்து, அதை அப்படியே நிலைநிறுத்தக் கற்ற பிறகே 2023-இல் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்குமான ஆர்எஸ்வி தடுப்பூசிகள் ஒப்புதல் பெற்றன.

ஸ்டீராய்டின் கணக்கு

பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 2020 ஜூனில் சொன்ன முடிவை மேலே சொன்னவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மருந்து டெக்சாமெதாசோன், தினமும் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாட்கள். இருபத்தெட்டு நாட்களுக்குள் இறந்தவர்களின் கணக்கு இது:

1. வென்டிலேட்டரில் இருந்தவர்கள்: மருந்து பெறாதோரில் 41.4 சதவீதம், பெற்றோரில் 29.3 சதவீதம்.
2. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்கள்: 26.2 சதவீதம், 23.3 சதவீதம்.
3. ஆக்சிஜன் தேவைப்படாதவர்கள்: 14 சதவீதம், 17.8 சதவீதம்.

மூன்றாவது வரியில் திசை மாறுகிறது. அந்த வேறுபாடு தற்செயலாக இருக்கவும் வாய்ப்புண்டு, ஆனால் பயன் இல்லை என்பது தெளிவு. ஆக்சிஜன் குறையாதவருக்கு இன்னும் வைரஸோடுதான் போராட்டம். அங்கே போராடும் டி செல்லையும் இன்டர்ஃபெரானையும் ஸ்டீராய்டு அடக்குகிறது. அளவைக் கூட்டினால் கூடுதல் பலன் கிடைக்கும் என்ற எண்ணத்தையும் இதே ஆய்வு பிறகு சோதித்தது. சாதாரண ஆக்சிஜனில் இருந்தவர்களுக்கு 20 மில்லிகிராமில் தொடங்கிய உயர் அளவு கொடுத்தபோது 19 சதவீதம் பேர் இறந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் 12 சதவீதம். அந்தப் பிரிவினருக்கு ஆய்வு நிறுத்தப்பட்டது.

இந்தியாவில் 2021 இரண்டாம் அலையில் இந்தப் பாடம் பல இடங்களில் கடைப்பிடிக்கப்படவில்லை. காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே மாத்திரையாக, தேவைக்கு மேல், வாரக்கணக்கில், சர்க்கரை அளவைப் பார்க்காமல் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டது. ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையை ஏற்றும். பூஞ்சையைக் கொல்ல வேண்டிய நியூட்ரோஃபிலும் மேக்ரோஃபேஜும் சர்க்கரை ஏறிய நிலையில் மந்தமாகிவிடும். கருப்புப் பூஞ்சை என்று நாம் அழைத்த மியூகார்மைகோசிஸ் அந்த ஆண்டு ஜூலைக்குள் நாடு முழுவதும் 45,000-க்கும் மேற்பட்டோருக்கு வந்தது. தமிழகமும் அதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக மே மாதத்திலேயே அறிவித்தது.

ஐஎல்-6 ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப், ஆக்சிஜன் குறைந்து சிஆர்பியும் லிட்டருக்கு 75 மில்லிகிராம் தொட்டவர்களுக்குப் பலன் தந்தது. இறப்பு 35 சதவீதத்திலிருந்து 31-ஆகக் குறைந்தது. பெரும்பாலோர் ஸ்டீராய்டும் பெற்றவர்கள். இந்த ஊசிக்குப் பிறகு சிஆர்பி தானாகவே விழுந்துவிடும், ஏனென்றால் கல்லீரலுக்குப் போகும் கட்டளையே அடைபட்டிருக்கிறது. அப்போது புதிதாக பாக்டீரியா தொற்று வந்தாலும் சிஆர்பி காட்டிக்கொடுக்காது.

நாள் கணக்கில் கவனிக்க வேண்டியவை

1. முதல் நாள் என்பது முதல் அறிகுறி தோன்றிய நாள். பரிசோதனை ‘பாசிட்டிவ்’ வந்த நாளை வைத்து எண்ணினால் இரண்டு மூன்று நாள் பிசகும்.

2. வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் முதல் கட்டத்துக்கானவை. நிர்மாட்ரெல்விர்-ரிட்டோனவிர் ஐந்து நாட்களுக்குள் தொடங்க வேண்டும். இன்ஃபுளுவென்சாவுக்கான ஓசெல்டாமிவிர் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.

3. ஐந்தாம் நாளிலிருந்து ஆக்சிமீட்டரை ஒருநாளைக்கு மூன்று நான்கு முறை பார்க்கலாம். விரல் சூடாக, நகப்பூச்சு இல்லாமல் இருக்கட்டும். எண் ஒரு நிமிடம் நிலைத்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள். கருமையான தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். நமக்கு இது சின்ன விஷயமல்ல. 94 காட்டினால் ‘எல்லையில்தானே இருக்கிறது’ என்று காத்திருக்க வேண்டாம்.

4. உட்கார்ந்திருக்கும்போது இயல்பாக இருந்தால், வீட்டுக்குள் சமதரையில் ஆறு நிமிடம் நடந்து மறுபடி பாருங்கள். 94-க்குக் கீழே போனாலோ, மூன்று புள்ளிக்கு மேல் இறங்கினாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

5. சிஆர்பி தாளில் அலகைப் பாருங்கள். சில கூடங்கள் லிட்டர் கணக்கிலும் சில டெசிலிட்டர் கணக்கிலும் தருகின்றன. டெசிலிட்டருக்கு 7.5 என்றால் அது லிட்டருக்கு 75. கூடம் மாறும்போது ‘75-லிருந்து 7-ஆகக் குறைந்துவிட்டது’ என்று ஏமாந்துவிட வாய்ப்பு அதிகம்.

ஃப்ளூவில் கணக்கு வேறு

கொரோனாவில் ஸ்டீராய்டு உதவியது என்பதால் எல்லா வைரஸ் நிமோனியாவுக்கும் அது பொருந்திவிடாது. இன்ஃபுளுவென்சாவில், வேறு காரணம் இல்லாவிட்டால், அதை வழக்கமாகக் கொடுக்கப் பரிந்துரைப்பதில்லை. ஃப்ளூவுக்குப் பின் நுரையீரலில் பாக்டீரியா குடியேறும் ஆபத்து அதிகம் என்பது இதில் கவனிக்க வேண்டிய விஷயம். வைரஸை அடக்க வந்த இன்டர்ஃபெரானே, பாக்டீரியாவை விழுங்கும் செல்களின் வேலையைச் சில நாட்களுக்குத் தளர்த்திவிடுகிறது. சுவாசப்பாதையின் மேல்தோல் உரிந்து கிடப்பதும் சேர்ந்துகொள்கிறது. பாதுகாத்து வைத்திருந்த நுரையீரல் மாதிரிகளை ஆராய்ந்ததில், 1918 பெருந்தொற்றில் இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி இரண்டாவதாக வந்த பாக்டீரியா நிமோனியா இருந்தது தெரிந்தது.

ஃப்ளூ காய்ச்சல் நான்கைந்து நாளில் விட்டு, ஓரிரு நாள் நன்றாக இருந்து, மறுபடி குளிருடன் காய்ச்சல், மஞ்சள் அல்லது துருநிறச் சளி, மூச்சு விடும்போது நெஞ்சில் குத்தும் வலி என்று வந்தால் நியூமோகாக்கஸ், ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களைச் சந்தேகிக்க வேண்டும். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, ரத்த கல்ச்சர் எடுத்து, முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாட்டிக் தொடங்குவார்கள். முதல் காய்ச்சலுக்குத் தந்த மாத்திரைச் சீட்டையே மருந்துக்கடையில் மறுபடி நீட்டினால், அதில் இந்த பாக்டீரியாவுக்கான மருந்து இருக்காது.